அடைக்கலமும் ஆயுதமும்: வங்கப் புரட்சி இயக்கத்தில் பெண்கள் (1914–1939)

ஆய்வுச் சுருக்கம்

வங்கப் புரட்சி இயக்க வரலாற்றில் பெண்களின் பங்கு, 'உதவியாளர்' நிலையிலிருந்து 'போராளி' நிலைக்கு உயர்ந்த வளர்ச்சியாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. துகரிபாலா தேவி, நனிபாலா தேவி, பிரீதிலதா வதேதார், கல்பனா தத், பீனா தாஸ், சாந்தி கோஷ், சுனிதி சௌதுரி ஆகியோரின் வாழ்வை ஒப்புநோக்கும் இக்கட்டுரை, அப்பார்வையை மறுபரிசீலனை செய்கிறது. அடைக்கலம் தருதல், ஆயுதம் மறைத்தல், உறவினர் என்ற பெயரில் சிறைக்குள் சென்று செய்தி கொணர்தல் ஆகியவை ஆயுதத் தாக்குதலுக்கு முந்தைய கீழ்ப்படிகள் அல்ல. இயக்கம் நிலைத்து நின்ற தளமே அவைதாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். காலனிய அரசு இச்செயல்களைக் கடுமையாகத் தண்டித்தது. பிற்கால நினைவோ அவற்றைக் குறைத்து மதித்தது. இம்முரண்பாடும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வங்கப் புரட்சி இயக்கம், அடைக்கலம், சிட்டகாங், பிரீதிலதா வதேதார், நனிபாலா தேவி, பெண் கல்வி, வரலாற்று நினைவு.

முன்னுரை

இந்திய விடுதலைப் போராட்டத்தின் ஆயுதவழிப் போக்கில் வங்காளத்திற்குத் தனியிடம் உண்டு. 1902-இல் கல்கத்தாவில் தோன்றிய அனுசீலன் சமிதியும், அதன் கிளையாக வளர்ந்த யுகாந்தர் குழுவும், 1930-இல் சூர்யா சென் தலைமையில் சிட்டகாங்கில் நடைபெற்ற எழுச்சியும் இப்போக்கின் முக்கியக் கட்டங்களாகும். இவ்வரலாறு குதிராம் போஸ், பாகா ஜதீன், சூர்யா சென் முதலிய ஆண்களின் வாழ்க்கை வரலாறாகவே நீண்டகாலம் எழுதப்பட்டு வந்தது. பெண்கள் இடம்பெறும் பக்கங்களிலும் துப்பாக்கி ஏந்திய சிலர் மட்டுமே முன்னிறுத்தப்பட்டனர். அவர்களுக்கு வீடு கொடுத்தவர்கள், உணவு சமைத்தவர்கள், ஆயுதம் காத்தவர்கள் ஆகியோர் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்பட்டனர்.

இப்பாகுபாடு சான்றுகளுக்குப் பொருந்துகிறதா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா. ஆயுதம் மறைத்த பெண்ணும் ஆயுதம் ஏந்திய பெண்ணும் உண்மையில் இருவேறு வகையினரா? அரசு அவர்களை அவ்வாறு பிரித்துப் பார்த்ததா? விடுதலைக்குப் பிந்தைய நினைவு யாரை ஏற்றது, யாரை விட்டது? இவ்வினாக்களுக்கு விடை காண, முதல் உலகப் போர்க் காலத்துப் பெண்கள் இருவரும் 1930-களின் பெண்கள் ஐவரும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர்.

இயக்கத்தின் துறவு நெறி

தொடக்ககாலப் புரட்சிக் குழுக்கள் ஆண்களுக்கானவையாகவே அமைந்தன. உடற்பயிற்சி, பிரம்மச்சரியம், குடும்பப் பற்றறுத்தல், இரகசிய உறுதிமொழி ஆகியன உறுப்பினருக்குரிய ஒழுக்கங்கள். நாட்டைத் தாயாகவும் தம்மைத் துறவு பூண்ட மக்களாகவும் கருதிய இந்நெறியில் பெண்ணுக்குரிய இடம் தெய்வத்தின் இடமாக இருந்ததே தவிர, தோழியின் இடமாக இல்லை. சிட்டகாங் குழுவிலும் இந்நெறி வலுவாக நிலவியது. 1930 ஏப்ரல் 18-ஆம் நாள் காவல்துறை ஆயுதக் கிடங்கும் துணைப்படை ஆயுதக் கிடங்கும் தாக்கப்பட்டபோது, அத்தாக்குதலில் ஒரு பெண்கூட இடம்பெறவில்லை.

ஆயினும் குடும்பத்தைத் துறந்த இளைஞர்கள் குடும்பங்களின்றி ஒருநாளும் செயல்பட இயலவில்லை. தலைமறைவாளருக்குக் கூரை வேண்டும், உணவு வேண்டும், அண்டை வீட்டார் ஐயுறாத ஒரு தோற்றம் வேண்டும். இளைஞர்கள் சிலர் மட்டும் தங்கும் வீடு காவல்துறையின் கண்ணில் எளிதில் படும். அக்கையோ சித்தியோ இருக்கும் வீடு அவ்வாறு படாது. கொள்கையளவில் விலக்கி வைக்கப்பட்ட பெண்கள் நடைமுறையில் இயக்கத்திற்கு இன்றியமையாதோராயினர்.

அடைக்கலம் தந்தோர்: துகரிபாலாவும் நனிபாலாவும்

1914 ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்கத்தாவில் ரோடா ஆயுத நிறுவனத்திற்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் கைப்பற்றினர். அவற்றைக் கைப்பற்றியதைக் காட்டிலும் மறைத்து வைப்பது கடினமாயிற்று. துப்பாக்கிகள் சிறு தொகுதிகளாகப் பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அவற்றுள் சில பீர்பூம் மாவட்டத்து ஜாவுபாடா சிற்றூரில் வாழ்ந்த துகரிபாலா தேவியின் வீட்டை அடைந்தன. அவருடைய உறவினரான நிபாரண் கட்டக் வழியாக இத்தொடர்பு ஏற்பட்டது. 1917-இல் வீடு சோதனையிடப்பட்டு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டபோது, ஆயுதச் சட்டத்தின்கீழ் துகரிபாலாவுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வங்கத்தில் இச்சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்ற முதல் பெண் இவரே எனக் கருதப்படுகிறார். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டே அவர் சிறை சென்றார்.

நனிபாலா தேவியின் வாழ்வு இதனினும் சிக்கலானது. ஹவுரா மாவட்டத்துப் பாலி ஊரினரான இவர் இளமையிலேயே கணவரை இழந்தவர். யுகாந்தர் குழுவின் அமரேந்திரநாத் சட்டோபாத்யாயர் வழியாக இயக்கத் தொடர்பு பெற்றார். 1915-இல் கைது செய்யப்பட்ட ராமச்சந்திர மஜும்தார், தாம் மறைத்து வைத்த மவுசர் துப்பாக்கியின் இடத்தைத் தோழர்களிடம் கூறாமலே சிறைப்பட்டார். அவ்விடத்தை அறிய நனிபாலா, அவருடைய மனைவி என்ற பெயரில் சிறைக்குச் சென்று செய்தி பெற்று வந்தார்.

இச்செயலின் கனத்தை அக்காலச் சமூகச் சூழலில் வைத்தே உணர வேண்டும். உயர்சாதி இந்துக் கைம்பெண் ஒருவர் நெற்றி வகிட்டில் குங்குமம் இட்டு, வேறொருவரின் மனைவியாகத் தோன்றுவது அன்றைய வங்கத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாத மீறல். காவல்துறை கண்டறிந்தால் சிறை. ஊரார் அறிந்தால் விலக்கு. இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டே அவர் சென்றார். பின்னர்ச் சந்தர்நகரில் தலைமறைவாளருக்காக வீடு நடத்தினார். காவல்துறை நெருங்கியபோது பெஷாவர் வரை சென்று, அங்கே நோயுற்ற நிலையில் கைதானார். காசிச் சிறையில் வதைக்கப்பட்ட பின்னரும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பின்பு கல்கத்தா மாகாணச் சிறையில் 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அரசியல் கைதியாக அடைக்கப்பட்டார். இச்சட்டத்தின்கீழ் வங்கத்தில் காவலில் வைக்கப்பட்ட முதல் பெண் இவரே.

அதே சிறையில் துகரிபாலாவும் இருந்தார். உண்ணாநோன்பிருந்த நனிபாலா, தமக்குச் சமைக்கத் துகரிபாலாவையே தரவேண்டும் எனக் கேட்டுப் பெற்று, அவரைச் சிறையின் கடும் உழைப்பிலிருந்து விடுவித்தார் என்று இயக்கப் பெண்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. சாதி ஆசாரப்படி சமைத்த உணவையே உண்பேன் என்னும் கோரிக்கையை ஆட்சியாளர் ஏற்கும் இயல்பினர் என்பதை அவர் அறிந்திருந்தார். வீட்டு வழக்கத்தையே சிறைக்குள் ஒரு கருவியாக ஆள முடிந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பள்ளியும் கல்லூரியும் விடுதியும்

1920-களில் இயக்கத்திற்குள் பெண்கள் நுழையும் வாயில் மாறியது. துகரிபாலாவும் நனிபாலாவும் உறவினர் வழியாக வந்தவர்கள். அடுத்த தலைமுறையினர் பெரும்பாலும் கல்வி நிலையங்கள் வழியாக வந்தனர். டாக்கா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற லீலா நாக், 1923-இல் தீபாலி சங்கத்தைத் தொடங்கினார். பெண்களுக்கான பள்ளிகளை நிறுவியதோடு உடற்பயிற்சியையும் அரசியல் அறிவையும் வளர்த்த இச்சங்கத்தோடு, டாக்கா ஈடன் கல்லூரியில் பயின்ற பிரீதிலதாவும் தொடர்பு கொண்டிருந்தார். கல்கத்தாவில் 1928-இல் சாத்ரி சங்கம் எனும் மாணவியர் அமைப்பு தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர் பீனா தாஸின் அக்கை கல்யாணி தாஸ். அதே ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த தொண்டர் படையில் பெண்கள் பிரிவும் சீருடையில் அணிவகுத்தது.

சிட்டகாங்கின் கஸ்தகீர் பெண்கள் பள்ளியில் பிரீதிலதாவும் கல்பனாவும் பயின்றனர். இருவரும் பின்னர்க் கல்கத்தா பெதூன் கல்லூரிக்குச் சென்றனர். கொமில்லாவில் பைசுன்னிசா பெண்கள் பள்ளி மாணவியரான சாந்தி கோஷையும் சுனிதி சௌதுரியையும் இயக்கத்திற்கு அழைத்து வந்தவர் மூத்த மாணவி பிரஃபுல்லநளினி பிரம்மா. கல்கத்தாவில் பெண்கள் விடுதி ஒன்றின் மேலாளராக இருந்த கமலா தாஸ்குப்தா, அவ்விடுதியிலேயே வெடிகுண்டுகளைப் பாதுகாத்துக் கைமாற்றினார்.

இங்கு ஒரு தொடர்ச்சி புலனாகிறது. பெண்கள் விடுதி, காவல்துறை தயங்கி நுழையும் இன்னொரு 'வீடு' ஆயிற்று. மாணவியர் சங்கம் இன்னொரு உறவுமுறை ஆயிற்று. நுழைவாயில் மாறியபோதும் செயல்முறை முற்றிலும் மாறிவிடவில்லை.

கொமில்லாவும் கல்கத்தாவும்

1931 டிசம்பர் 14-ஆம் நாள் கொமில்லாவின் மாவட்ட மாஜிஸ்திரேட் ஸ்டீவன்ஸின் இல்லத்திற்கு மாணவியர் இருவர் நீச்சல் போட்டி தொடர்பான விண்ணப்பத்துடன் சென்றனர். சாந்திக்கு வயது 15, சுனிதிக்கு 14. விண்ணப்பத்தைப் பார்வையிட்ட ஸ்டீவன்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுமியர் என்பதால் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்படவில்லை; ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கு இரு மாதங்களுக்குள், 1932 பிப்ரவரி 6-ஆம் நாள், கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பீனா தாஸ் வங்க ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார். குறி தவறியது. துணைவேந்தர் ஹசன் சுஹ்ராவர்தி அவரைப் பற்றிப்பிடித்தார். பீனாவுக்கு ஒன்பதாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. அவருக்குத் துப்பாக்கி தந்தவர் கமலா தாஸ்குப்தா.

இம்மூவரும் தலைமறைவாளருக்கு வீடு நடத்தியவர்கள் அல்லர். நேரடியாகவே ஆயுதம் ஏந்தினர். எனவே 'உதவியாளர்–போராளி' என்னும் பாகுபாட்டை இவர்கள் உறுதி செய்வதாகத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் இலக்கை அணுகிய முறை கருதத்தக்கது. மாஜிஸ்திரேட்டின் வாயிலைச் சிறுமியர் என்ற தோற்றம் திறந்தது. ஆளுநர் இருந்த அரங்கைப் பட்டம் பெற வந்த மாணவி என்ற தகுதி திறந்தது. ஆண் புரட்சியாளருக்கு அடைபட்டிருந்த இடங்கள் இவை. பெண் அரசியலுக்குப் புறம்பானவள் என்னும் ஆட்சியாளரின் எண்ணமே நனிபாலாவுக்குச் சிறை வாயிலைத் திறந்தது. இவர்களுக்கும் அதுவே வழிவிட்டது.

சிட்டகாங்: அடைக்கலமும் தாக்குதலும் ஒன்றாகும் இடம்

இவ்விரு செயல்களும் ஒருவரிடமே ஒன்றுசேர்வதைப் பிரீதிலதாவின் வாழ்வில் காணலாம். 1911 மே 5-ஆம் நாள் பிறந்த அவர், பெதூன் கல்லூரியில் பயின்றபோது ஏற்ற முதற் பணிகளுள் ஒன்று சிறைச் சந்திப்பு. காவல்துறைத் தலைவர் கிரெய்க் எனக் கருதிச் சாந்த்பூர் இரயில் நிலையத்தில் காவல் அதிகாரி தாரிணி முகர்ஜியைச் சுட்ட ராமகிருஷ்ண பிஸ்வாஸ், தூக்குத் தண்டனையை எதிர்நோக்கி அலிப்பூர்ச் சிறையில் இருந்தார். பிரீதிலதா தம்மை அவருடைய உறவினராகக் கூறிக்கொண்டு ஏறத்தாழ 40 முறை அவரைச் சந்தித்தார். 1931 ஆகஸ்டு 4-ஆம் நாள் பிஸ்வாஸ் தூக்கிலிடப்பட்டார். நனிபாலா மனைவியாகச் சென்றதற்கும் பிரீதிலதா தங்கையாகச் சென்றதற்கும் இடையே 15 ஆண்டுகள் கடந்திருந்தன. கைம்பெண்ணும் கல்லூரி மாணவியும் கையாண்ட வழி ஒன்றே.

1932 ஜூன் 13-ஆம் நாள் தல்காட் சிற்றூரில், சாவித்திரி தேவி என்னும் கைம்பெண்ணின் வீட்டில் சூர்யா சென்னும் நிர்மல் சென்னும் அபூர்வ சென்னும் தங்கியிருந்தனர். பிரீதிலதாவும் அங்கு வந்திருந்தார். வீடு படையினரால் சூழப்பட்டது. மோதலில் படைத்தலைவர் கேமரூனும் நிர்மல் சென்னும் அபூர்வ சென்னும் உயிரிழந்தனர். சூர்யா சென்னும் பிரீதிலதாவும் தப்பினர். வீட்டுக்குரிய சாவித்திரி தேவிக்குத் தப்பிச் செல்ல வேறிடமில்லை. அவரும் அவர் மகனும் சிறை சென்றனர்.

பகார்தலி ஐரோப்பியர் மன்றத்தின் மீதான தாக்குதல் பெண் ஒருவரின் தலைமையில் நடைபெற வேண்டும் எனச் சூர்யா சென் முடிவு செய்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு கல்பனா தத் ஆண் வேடத்தில் பகார்தலியில் கைதானார். 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் இரவு பிரீதிலதாவின் தலைமையில் மன்றம் தாக்கப்பட்டது. மன்றத்தில் இருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். காவலரிடம் பிடிபடாதிருக்கப் பிரீதிலதா சயனைடு உட்கொண்டு உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 21. அவர் எழுதி வைத்திருந்த அறிக்கை, விடுதலைப் போரில் உடன்பிறந்த ஆண்களோடு பெண்கள் ஏன் சரிநிகராக நிற்கலாகாது என வினவியது. அவ்வினா அரசை நோக்கியது மட்டுமன்று. பெண்களை நெடுங்காலம் விலக்கி வைத்த இயக்கத்தையும் நோக்கியது.

1933 பிப்ரவரியில் கைராலா சிற்றூரில் சூர்யா சென் பிடிபட்டார். கல்பனா அன்று தப்பி, மே மாதம் கைதானார். சூர்யா சென்னுக்கும் தாரகேஸ்வர் தஸ்திதாருக்கும் தூக்கு. கல்பனாவுக்கு ஆயுட்கால நாடுகடத்தல். 1934 ஜனவரி 12-ஆம் நாள் ஆண்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சூர்யா சென்னைக் காட்டிக்கொடுத்த நேத்ர சென் பின்னர்க் கொலையுண்டார். கொன்றவரைக் கண்ணால் கண்டும் அவருடைய மனைவி இறுதிவரை பெயரைச் சொல்லவில்லை என்னும் செய்தி சிட்டகாங் மரபில் வழங்குகிறது. அம்மௌனம் எவ்வகைப் பங்களிப்பு என வரையறுக்க, 'உதவியாளர்' என்னும் சொல்லும் 'போராளி' என்னும் சொல்லும் போதா.

தண்டனையின் பரப்பு

அடைக்கலத்தையும் தாக்குதலையும் காலனிய அரசு வேறுவேறாகக் கருதவில்லை. ஆயுதம் மறைத்த துகரிபாலாவுக்குக் கடுங்காவல். செய்தி கொணர்ந்து வீடு நடத்திய நனிபாலாவுக்கு விசாரணையற்ற காவல். வீடு தந்த சாவித்திரி தேவிக்குச் சிறை. குடும்பமே புரட்சியின் தளம் என்பதை அரசு உணர்ந்திருந்ததால் தண்டனையும் குடும்பத்தின்மேல் பாய்ந்தது. சுனிதியின் தந்தைக்குரிய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. அண்ணன்மார் காவலில் வைக்கப்பட்டனர். வீட்டில் வறுமை சூழ்ந்தது. சிறைக்குள்ளும் சாந்தி இரண்டாம் வகுப்பிலும் சுனிதி மூன்றாம் வகுப்பிலும் வைக்கப்பட்டுத் தோழியர் பிரிக்கப்பட்டனர். அவர்களை இயக்கத்திற்கு அழைத்து வந்த பிரஃபுல்லநளினி, காவலில் வைக்கப்பட்டிருந்த நிலையிலேயே 1937-இல் இறந்தார். துப்பாக்கி ஏந்திய இருவரும் உயிரோடு மீண்டனர், ஏந்தாதவர் மீளவில்லை.

நினைவில் நின்றவரும் நில்லாதவரும்

1939-இல் பீனா, சாந்தி, சுனிதி, கல்பனா ஆகியோர் விடுதலையாயினர். கல்பனாவின் விடுதலைக்காகத் தாகூரும் சி. எஃப். ஆண்ட்ரூசும் முயன்றிருந்தனர். விடுதலைக்குப்பின் கல்பனா பொதுவுடைமைக் கட்சியில் இணைந்தார், 1943-இல் பி. சி. ஜோஷியை மணந்தார், சிட்டகாங் போராளிகளைப் பற்றிய தம் நினைவுகளை 1945-இல் நூலாக்கினார். பீனா காங்கிரசில் செயல்பட்டு மீண்டும் சிறை சென்றார், தன்வரலாறு எழுதினார். சாந்தியும் தன்வரலாறு எழுதினார். சுனிதி மருத்துவரானார்.

கல்வி இவர்களுக்கு இயக்கத்தின் வாயிலாக இருந்தது. பின்னர் நினைவின் வாயிலும் ஆயிற்று. தம் வாழ்வைத் தாமே எழுதும் ஆற்றல் இவர்களுக்கு இருந்தது. வழக்குப் பதிவுகளும் பல்கலைக்கழகப் பதிவுகளும் இருந்தன. பிரீதிலதாவுக்கும் பீனாவுக்கும் ஆங்கிலேய ஆட்சியில் நிறுத்திவைக்கப்பட்ட பட்டங்களைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 2012-இல் வழங்கியது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அநீதி திருத்தப்பட்டது. ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட பட்டம் உள்ளவருக்கே அதைத் திருப்பித் தர இயலும். சாவித்திரி தேவியிடம் அரசு பறித்தது அவருடைய வீட்டு வாழ்வு. அதைத் திருப்பித் தர எந்த நிறுவனமும் இல்லை. நனிபாலா 1919-இல் விடுதலையானபின் ஆதரவின்றி வறுமையில் வாழ்ந்து, 1967-இல் மறைந்தார்.

இந்நிலையில் கமலா தாஸ்குப்தாவின் பணி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. விடுதலைப் போரில் வங்கப் பெண்களின் பங்கைப் பற்றி அவர் 1963-இல் வெளியிட்ட நூல், ஆயுதம் ஏந்தியோரோடு அடைக்கலம் தந்தோரையும் பெயர் சுட்டிப் பதிவு செய்தது. விடுதியில் வெடிகுண்டு காத்தவரும் பீனாவுக்குத் துப்பாக்கி தந்தவருமான அவரே அவ்வரலாற்றை எழுத முன்வந்தது தற்செயலன்று. மறைத்து வைத்தவரின் உழைப்பு எத்தகையது என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்று மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வங்கப் புரட்சி இயக்கத்தில் அடைக்கலமும் ஆயுதச் செயலும் ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் அல்ல. பிரீதிலதா சிறைச் சந்திப்பிலும் மன்றத் தாக்குதலிலும் ஒருசேர ஈடுபட்டார். கமலா ஆயுதத்தைக் காத்தார், கொடுத்தார். இரண்டாவதாக, வீடும் உறவுமுறையும் அரசியலுக்குப் புறம்பானவை என்னும் எண்ணத்தைப் பெண்கள் அறிந்தே பயன்படுத்தினர். அதற்காக நனிபாலாவைப் போன்றோர் சமூக விலக்கின் இடரையும் ஏற்றனர். மூன்றாவதாக, அரசு இருசாராரையும் தண்டித்தது. பிற்கால நினைவோ எழுத்துச் சான்று உடையோரையே பெரிதும் போற்றியது.

எனவே இப்பெண்களின் வரலாற்றை எழுதுவோர், யார் சுட்டார் என்பதோடு நின்றுவிடாமல், முந்தைய இரவு அவர் எவ்வீட்டில் உண்டார், எவ்விடுதியில் ஆயுதம் பெற்றார், மறுநாள் யார் கைதானார் என்பவற்றையும் வினவ வேண்டும். தல்காட் மோதலை இவ்வாறு வினவினால், கேமரூன், நிர்மல் சென், அபூர்வ சென் ஆகியோரின் இறப்போடு அந்நிகழ்ச்சி முடிவதில்லை. அது சாவித்திரி தேவியின் சிறைவாசம் வரை நீள்கிறது.